நிலமில்லாத நான்காம் மகனுக்கு எந்த வழி?

செர்வாண்டிஸ் 1605 இல் வெளியிட்ட டான் கிஹோட்டே நாவலில், வீரப்பயணம் புறப்பட்ட முதல் நாள் மாலையிலேயே ஒரு சத்திரத்தைக் கோட்டை என்று நம்பி உள்ளே நுழையும் நாயகனிடம் சத்திரக்காரர் மிகச் சாதாரணமான கேள்வி ஒன்றைக் கேட்கிறார்: கையில் காசு இருக்கிறதா? ஒரு செப்புக்காசுகூட இல்லை என்றும், ஊர் சுற்றும் வீரர்கள் காசு கொண்டு போனதாகத் தான் எந்தக் கதையிலும் படித்ததில்லை என்றும் நாயகர் பதில் சொல்கிறார். காசும் மாற்றுச் சட்டையும் இல்லாமல் எந்த வீரரும் கிளம்பியதில்லை, சொல்லாமலே விளங்கும் என்பதால்தான் கதையாசிரியர்கள் அதை எழுதாமல் விட்டார்கள் என்று சத்திரக்காரர் திருத்துகிறார். சிரிக்க வைப்பதற்காக எழுதப்பட்ட இடம்தான் அது. ஆனாலும் சிவல்ரி எனப்படும் வீரநெறியைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளில் அதைவிடக் கூர்மையானது இன்னொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகம். அதே கேள்வியை நானூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னால் கொண்டுபோய், 1170 ஐ ஒட்டிய காலத்தில் நைட் பட்டம் பெற்றிருந்தும் ஒரு காணி நிலம் இல்லாத இருபது வயது இளைஞன் ஒருவனிடம் கேட்டு, அவன் முன் இருந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த இளைஞனைக் கற்பனையில் உருவாக்க வேண்டிய தேவை இல்லை. வில்லியம் மார்ஷல் ஏறக்குறைய 1147 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஜான் என்ற பிரபுவின் நான்காம் மகன். சொத்து மூத்த ஆண் வாரிசுக்கே போகும் முறை வேரூன்றியிருந்த சமூகத்தில் நான்காம் மகனுக்குக் குலப்பெயரைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. தந்தையின் பாசத்தையாவது நம்பலாமா என்றால் அதற்கும் வழி இல்லை. 1152 இல் நியூபரி முற்றுகையின்போது சிறுவன் வில்லியமைப் பிணையாக ஒப்படைத்த ஜான், கொடுத்த வாக்கை மீறினார்; பையனைத் தூக்கிலிடுவேன் என்று ஸ்டீபன் மன்னர் மிரட்டியபோது, இவனைவிட நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்கும் சுத்தியலும் பட்டடையும் தன்னிடம் இன்னும் இருக்கின்றன என்று பதில் அனுப்பினார். பையனைக் கொல்ல மன்னருக்குத்தான் மனம் வரவில்லை. இவற்றையெல்லாம் நமக்குச் சொல்வது, வில்லியம் இறந்த சில ஆண்டுகளில் அவருடைய மகன் பொருள் கொடுத்து எழுதுவித்த, 19,000 வரிகளுக்கு மேல் நீளும் பழம்பிரெஞ்சுச் செய்யுள் வரலாறு ஒன்று. குடும்பச் செலவில் எழுதப்பட்ட புகழ்நூல் என்பதால் அது பாராட்டும் இடங்களைச் சற்றுத் தள்ளி நின்று படிக்க வேண்டும். ஆனால் குதிரை, காசு, கடன் பற்றி அது பேசும் இடங்களை நான் பெரும்பாலும் நம்புகிறேன், ஏனெனில் புகழ வந்தவர் பொய் சொல்ல விரும்பும் விஷயங்கள் அவை அல்ல.

இத்தகைய இளைஞனுக்கு நான்கு வழிகள் திறந்திருந்தன. போர்ப்போட்டிகள் நடக்கும் ஊர்களைத் தேடிச் சுற்றி, வென்றதைக் கொண்டு வாழ்வது ஒன்று. ஒரு பிரபுவின் அல்லது மன்னரின் பரிவாரத்தில் சேர்ந்து அவர் சோற்றை உண்டு அவருக்காகப் போரிடுவது மற்றொன்று. டெம்ப்ளர் போன்ற துறவுப்படையில் சேர்ந்து உடைமையைத் துறப்பது மூன்றாவது. கூலிப்படையில் சேர்வது நான்காவது. நிலமுள்ள வாரிசுப் பெண்ணை மணப்பதையும் சிலர் ஒரு வழியாகச் சேர்ப்பார்கள். அது வழி அல்ல, பரிசு. அதை யார் கையால் பெற முடியும் என்பதே மற்ற வழிகளை எடைபோடும் கல் என்பதால் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். குதிரைக்குத் தீனி போடுவது யார், பிடிபட்டால் மீட்புப்பணம் கட்டுவது யார், செத்தால் எங்கே புதைப்பார்கள், முதுமையில் ஒதுங்க நிலம் உண்டா என்ற நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் ஒப்பீடு எளிதாகும்.

குதிரையிலிருந்தே தொடங்குவோம், ஏனெனில் சிவல்ரி என்ற சொல்லே குதிரையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. நார்மண்டியில் தன் உறவினரான டாங்கர்வில் பிரபுவிடம் பயிற்சி பெற்ற வில்லியம், 1166 வாக்கில் பட்டம் பெற்ற கையோடு திரன்கூர் என்ற ஊரில் நடந்த சண்டையில் நன்றாகப் போரிட்டார். சண்டையில் அவருடைய போர்க்குதிரை கொல்லப்பட்டது. அன்றிரவு விருந்தில் எசெக்ஸ் கோமகன் அவரைப் பார்த்து, ஒரு குதிரை வால்வாரையோ பழைய கழுத்துப் பட்டையையோ எனக்குப் பரிசாகத் தா என்று கேட்டார். என் வாழ்நாளில் அப்படி ஒன்றும் என்னிடம் இருந்ததில்லையே என்று இளைஞர் வெள்ளந்தியாகச் சொல்ல, இன்று மட்டும் நாற்பதோ அறுபதோ உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தனவே என்று கோமகன் கேட்டதும் கூடம் முழுவதும் சிரித்தது. எதிரிகளை வீழ்த்திய இளைஞர் அவர்களுடைய குதிரைகளைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டார் என்பதே கேலியின் பொருள். சில நாட்களில், பட்டம் பெற்ற அன்று அணிந்த மேலங்கியை ஆஞ்சு நாணயத்தில் 22 ஷில்லிங்குக்கு விற்று, கவசத்தைச் சுமக்க ஒரு மட்டக்குதிரை வாங்கும் நிலைக்கு அவர் வந்தார். வீரநெறியின் முதல் பாடம் அவருக்கு ஏட்டிலிருந்தோ பாதிரியாரிடமிருந்தோ வரவில்லை.

முதல் வழியான போர்ப்போட்டியைப் பற்றி இன்று பலர் மனத்தில் இருக்கும் படம், இரு வீரர்கள் தடுப்புக்கு இருபுறமும் ஈட்டியுடன் மோதுவதும் மேடையில் பெண்கள் கைக்குட்டை வீசுவதுமாகும். அது பிற்காலத்தது. 12 ஆம் நூற்றாண்டுப் போட்டி, இரண்டு ஊர்களுக்கு நடுவே கிடக்கும் வயல், திராட்சைத் தோட்டம், தெரு எல்லாவற்றிலும் பரந்து நடக்கும் கூட்டுச் சண்டை. பக்கத்துக்கு நூற்றுக்கணக்கில் வீரர்கள் இருக்கலாம். எதிரியைக் கொல்வது நோக்கம் அல்ல, பிடிப்பதே நோக்கம். பிடிபட்டவரின் குதிரையும் கவசமும் பிடித்தவருக்குச் சேரும், அல்லது அவற்றுக்கு ஈடாக மீட்புப்பணம் பேசி முடிக்கப்படும். எனவே பிடிப்பதைப் போலவே பிடித்ததை நழுவவிடாமல் வைத்துக்கொள்வதும் ஒரு திறமை. ஆனே என்ற ஊரில் வில்லியம் ஒரு வீரரை மடக்கி, அவர் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெரு வழியே போனார். தாழ்வாகத் தொங்கிய ஒரு கூரைநீர்க் குழாயைப் பிடிபட்டவர் எட்டிப் பிடித்து அப்படியே தொங்கிவிட்டார். முன்னால் போன வில்லியம் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்த, அப்போது அவர் யாருடைய ஆளாக இருந்தாரோ அந்த இளைய மன்னர் ஹென்றி, எல்லாவற்றையும் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. முகாமை அடைந்த வில்லியம், இந்த வீரரைக் காவலில் வை என்று தன் ஏவலனிடம் சொன்னபோது, எந்த வீரரை என்று இளைய மன்னர் கேட்டார்.

வருமானம் உண்மையிலேயே பெரிது. ரோஜர் என்ற சக வீரரோடு லாபத்தைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு ஒன்றை வில்லியம் செய்துகொண்டார். பத்து மாதங்களில் அந்த இருவரும் 103 வீரர்களைப் பிடித்தார்கள். இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் கவிஞர் அல்லர், அரண்மனைச் சமையலறைக் கணக்கர். புகழும் குறைவில்லை. ஷாம்பேன் பகுதியில் ப்ளேர் என்ற ஊரில் போட்டி முடிந்தபின், சிறந்த வீரருக்குப் பரிசாக ஒரு பெரிய மீனை எடுத்துக்கொண்டு தேடியவர்கள், வில்லியமைக் கொல்லன் பட்டறையில் கண்டார்கள்: அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழற்ற வராமல் மாட்டிக்கொண்டதால், தலையைப் பட்டடை மேல் வைத்துக் குனிந்திருந்தார், கொல்லன் சுத்தியலும் குறடுமாக அதைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நான்காம் மகனின் தலை பட்டடைக்கு வந்து சேர்ந்ததைத் தந்தை ஜான் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஆனால் இந்த வழியின் மற்றப் பக்கத்தை இந்த வெற்றிக்கதை மறைக்கிறது. ஒருவர் பத்து மாதத்தில் நூறு பேரைப் பிடித்தால், பிடிபட்ட நூறு பேரும் குதிரையையும் கவசத்தையும் இழந்தவர்கள்; அவர்களைப் பற்றி யாரும் 19,000 வரிகள் எழுதவில்லை. திருச்சபையோ 1130 முதலே இந்தப் போட்டிகளைக் கண்டித்துவந்தது. 1179 இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பேரவை, போட்டியில் சாகும் நிலையில் இருப்பவருக்குப் பாவமன்னிப்பு கிடைக்கலாம், தேவாலய அடக்கம் கிடையாது என்ற தடையை மீண்டும் உறுதி செய்தது. இங்கிலாந்தில் போட்டிக்கு 1194 இல் முதல்முறையாக மன்னர் ரிச்சர்ட் அனுமதி அளித்தபோது, ஐந்து இடங்களை மட்டும் குறித்து ஒவ்வொருவருக்கும் கட்டணம் விதித்தார்: பெருங்கோமகனுக்கு 20 மார்க், பிரபுவுக்கு 10, நிலமுள்ள வீரருக்கு 4, நிலமில்லாத வீரருக்கு 2. நிலமில்லாதவர் என்று தனிப் பிரிவே வைக்கும் அளவுக்கு அவர்கள் இருந்தார்கள் என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது. ஒரு மார்க் என்பது 160 பென்னி. முந்தைய மன்னர் இரண்டாம் ஹென்றி காலத்தில் ஒரு வீரருக்கு வழங்கப்பட்ட 8 பென்னி நாட்கூலியில் கணக்கிட்டால், களத்தில் இறங்கும் உரிமைக்கே நாற்பது நாள் கூலி கரைந்துவிடும்.

இரண்டாவது வழி பரிவாரச் சேவை. இதில் சேர்பவருக்குச் சோறு, உடை, குதிரை மூன்றும் பிரபுவின் பொறுப்பு. பிடிபட்டால் மீட்பதும் பெரும்பாலும் அவர் பொறுப்பாகவே எதிர்பார்க்கப்பட்டது. 1168 இல் புவாத்துப் பகுதியில் தன் தாய்மாமனைக் கொன்ற கூட்டத்தாரோடு போரிட்டு, தொடையில் காயத்துடன் வில்லியம் சிறைப்பட்டபோது இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. பிடித்தவர்கள் காயத்துக்குக் கட்டுப்போடத் துணிகூடத் தரவில்லை. இரக்கப்பட்ட ஒரு பெண், ரொட்டியைக் குடைந்து அதற்குள் நார்த்துணியை வைத்துக் கொடுத்தனுப்பினார். கடைசியில் மீட்புப்பணம் கட்டியவர் இரண்டாம் ஹென்றியின் மனைவி எலினோர் அரசி. தனியே சுற்றிய வீரராக இருந்திருந்தால் அந்த ரொட்டியோடு கதை முடிந்திருக்கும். அரசியின் ஆதரவிலிருந்தே, தந்தை உயிரோடு இருக்கும்போதே 1170 இல் முடிசூட்டப்பட்ட அவருடைய மகனான இளைய மன்னர் ஹென்றியின் பரிவாரத்தில் வில்லியம் இடம்பெற்றார். மேலே சொன்ன 103 பேரைப் பிடித்ததும், ஆனேயில் குதிரையை மட்டும் கொண்டுவந்ததும், ப்ளேரில் மீன் பரிசு பெற்றதும் எல்லாம் அந்த இளைய மன்னரின் ஆளாக இருந்த காலத்தில்தான்.

இந்த வழியின் விலை செஞ்சோற்றுக்கடன். சோறு போட்டவர் சரியான வழியில் போகிறாரா என்று பார்க்கும் உரிமை உண்டவருக்கு இல்லை. இளைய மன்னர் 1173 இல் தன் தந்தைக்கு எதிராகவே கலகம் செய்தபோது வில்லியமும் கூடவே நிற்க வேண்டியிருந்தது. அரண்மனை என்றால் பொறாமையும் உண்டு. 1182 இல், இளைய மன்னரின் மனைவியோடு தகாத உறவு என்ற பழி சுமத்தப்பட்டு வில்லியம் ஒதுக்கப்பட்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் இளைய மன்னர் நோயில் இறந்தார். கடன்களை மட்டும் விட்டுச் சென்றார். சம்பளம் கிடைக்காத கூலிப்படைத் தலைவன் ஒருவன் வில்லியமையே பிடித்துவைக்க, அவர் 100 மார்க்குக்குத் தன் பெயரில் உறுதி கொடுத்து வெளியே வந்தார். அந்தத் தொகையைக் கட்டும்படி மகனை இழந்த மன்னரிடம் கேட்கப்பட்டபோது, இதைவிட எவ்வளவோ செலவை அவன் எனக்கு வைத்தான், இன்னும் உயிரோடு இருந்து வைக்கக்கூடாதா என்று அவர் சொன்னாராம். பரிவார வீரரின் பாதுகாப்பு பிரபுவின் மூச்சு உள்ளவரைதான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது வழியில் கணக்கு நேர்மாறானது. 1120 வாக்கில் எருசலேமில் தோன்றிய டெம்ப்ளர் துறவுப்படைக்கு 1129 இல் துருவா நகரில் கூடிய பேரவை 72 பிரிவுகள் கொண்ட விதிமுறையை வழங்கியது. ஒரு வீரருக்கு மூன்று குதிரைகள், ஓர் ஏவலன். வாரம் மூன்று நாள் இறைச்சி. வேட்டை கூடாது, சிங்கத்தை மட்டும் விரட்டலாம். நீண்ட கூர்முனைக் காலணி கூடாது. தாயே ஆனாலும் பெண்ணை முத்தமிடக் கூடாது. கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்ட் இவர்களைப் புகழ்ந்து எழுதியபோது, பட்டுத்துணியால் குதிரையைப் போர்த்தி, தலைமுடியைக் கண்மறையும்படி வளர்த்து, பொன்னும் மணியுமாகப் போருக்குப் போகும் உலகியல் வீரர்களைக் கடுமையாகக் கேலி செய்தார். குதிரைத் தீனி, மீட்பு, அடக்கம் என்ற கவலைகளில் முதலாவதும் கடைசியும் இங்கே முற்றிலும் தீர்ந்துவிடுகின்றன. நடுவில் உள்ளதுதான் சிக்கல். 1187 ஜூலையில் ஹத்தீன் போரில் பிடிபட்ட மற்றப் பிரபுக்கள் பலர் மீட்புக்காக வைக்கப்பட்டபோது, டெம்ப்ளரும் மற்றொரு துறவுப்படையான ஹாஸ்பிட்டலரும் சேர்ந்த ஏறக்குறைய இருநூறு வீரர்களை, வென்ற சுல்தான் சலாவுத்தீன் கொல்ல உத்தரவிட்டார். நிலம், மனைவி, பிள்ளை ஆகியவற்றுக்கும் இந்த வழியில் இடமே இல்லை. குலத்தைத் தொடர வேண்டும் என்ற ஆசை உள்ள இளைஞனுக்கு இருபது வயதில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கூலிப்படையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசு தவறாமல் வரும், அதுவும் கொடுப்பவர் உயிரோடு இருந்தால்; மரியாதை வராது. 1179 இன் அதே பேரவை, பிரபாந்து, பாஸ்க் முதலிய கூலிப்படைகளைப் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. நிலமுள்ள குடும்பம் எதுவும் அங்கிருந்து மாப்பிள்ளை எடுக்கக் காத்திருக்கவில்லை.

இந்த நான்கில் எதிலும் சேராத ஐந்தாவது வழி ஒன்றைக் கதைகள் காட்டின: காட்டுக்குள் தனியே குதிரை செலுத்தி, எதிர்ப்படும் அநீதியை எதிர்த்து நிற்பது. அந்தக் கதைகளைக் கட்டியெழுப்பிய கிரெத்தியென் த துருவா, வில்லியம் போட்டிகளில் அலைந்த அதே ஆண்டுகளில்தான் எழுதினார். அவருக்குப் புரவலராக இருந்த ஃபிளாண்டர்ஸ் கோமகன் பிலிப்பே போட்டிக் களங்களின் பெரும் தலைவரும் ஆவார். பிலிப்பின் உத்தி என்ன தெரியுமா? தன் படையை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தி, மற்றவர்கள் அடித்துக் களைத்த பிறகு பக்கவாட்டில் பாய்ந்து அள்ளிக்கொள்வது. இதில் பலமுறை அடிபட்ட பிறகு இளைய மன்னரின் அணியும் அதையே கற்றுக்கொண்டது. கதையில் தனிவீரர், களத்தில் காத்திருக்கும் கூட்டம். இரண்டுக்கும் செலவு செய்தவர் ஒருவரே. கிரெத்தியெனும் இதை அறியாதவர் அல்லர் என்றே தோன்றுகிறது. அவருடைய கதைநாயகன் இவேன், மணமான புதிதில் மனைவியிடம் ஓராண்டு விடுப்பு பெற்றுப் போட்டிகளுக்குப் போய், நாளை மறந்து, மனைவியால் கைவிடப்பட்டுப் பித்துப் பிடித்துக் காட்டில் அலைகிறார்.

எனவே, கேட்கப்பட்டது என் தீர்ப்பு என்றால், பரிவாரச் சேவையையே முதலில் வைப்பேன்; போட்டியை அந்தச் சேவையின் உள்ளே வைப்பேன், அதற்கு மாற்றாக அல்ல. காரணம் சோறும் குதிரையும் மட்டும் அல்ல. வாரிசுப் பெண் என்ற பரிசு மன்னர் கையில் இருந்தது. மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் ஆண் வாரிசின்றி இறந்தால், மகளின் திருமணத்தை முடிவு செய்யும் உரிமை மன்னருக்குச் சேரும். அதை அவர் களத்தில் பெயர் எடுத்தவருக்கு அல்ல, தன் பக்கத்தில் நின்றவருக்கே கொடுப்பார். பழிக்கு ஆளாகி வெளியேறிய நாட்களில் பெத்தூன் பிரபு தன் மகளையும் நிலத்தையும் தர முன்வந்தும் வில்லியம் ஏற்கவில்லை. இளைய மன்னர் நேர்ந்துகொண்ட சிலுவைப் பயணத்தை அவருக்காக எருசலேம் வரை போய் நிறைவேற்றி, 1186 வாக்கில் திரும்பி, முதிய மன்னர் இரண்டாம் ஹென்றியின் பரிவாரத்தில் சேர்ந்தார். 1189 இல் லெ மான் அருகே, தன் தந்தையான அந்த மன்னரைத் துரத்தி வந்த ரிச்சர்டை வில்லியம் எதிர்கொண்டு, ஆளை விட்டு அவர் குதிரையை மட்டும் ஈட்டியால் குத்திக் கொன்றார். சில வாரங்களில் ரிச்சர்டே மன்னரானார். பழிவாங்குவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, பெம்புரோக், லென்ஸ்டர் நிலங்களின் வாரிசான பதினேழு வயது இசபெல் த கிளேரை அவருக்கே மணமுடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. பட்டம் பெற்றதிலிருந்து எண்ணினால் இருபத்துமூன்று ஆண்டுக் காத்திருப்பு. இந்த வழியைப் பரிந்துரைக்கும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அத்தனை ஆண்டுகள் உயிரோடு காத்திருக்க முடியாதவர்களே அதிகம் என்பதையும்.

துறவுப்படையை நான் தள்ளிவிடவில்லை. அதன் இடம் இறுதியில் என்றே நினைக்கிறேன், வில்லியமும் அப்படித்தான் கணக்கிட்டிருந்தார். எழுபது வயதில் சிறுவன் மூன்றாம் ஹென்றியின் பொறுப்பாளராக நாட்டை ஆண்டு, 1217 இல் லிங்கன் போரில் தானே குதிரையேறி வென்ற அவர், 1219 மே மாதத்தில் கேவர்ஷம் மாளிகையில் படுத்த படுக்கையானார். பிறரிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மோட்சம் இல்லை என்று பாதிரியார்கள் சொல்வதை ஒருவர் நினைவூட்டியபோது, இவர்கள் நம்மை மிக ஒட்டச் சிரைக்கிறார்கள் என்றார். 500 வீரர்களைப் பிடித்து அவர்களுடைய குதிரையையும் கவசத்தையும் எடுத்துக்கொண்டேன், அதற்காக மோட்சம் மறுக்கப்பட்டால் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, திருப்பித் தர முடியாது என்றார். பெந்தகோஸ்தே நாளில் தன் வீரர்களுக்கு வழங்க வைத்திருந்த உடைகளை விற்று ஆன்ம நலனுக்குச் செலவிடலாம் என்று யோசனை சொன்ன எழுத்தரையும் வாயை மூடச் சொன்னார்.

ஆனால் யாருக்கும் தெரியாமல் ஓராண்டுக்கு முன்பே தைத்து வைத்திருந்த டெம்ப்ளர் மேலங்கியை அப்போது எடுத்துவரச் சொன்னார். புனித பூமியிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரப்படுத்தியிருந்த பட்டுத்துணிகள் அவர் உடலைப் போர்த்தத் தயாராக இருந்தன. இங்கிலாந்து டெம்ப்ளர்களின் தலைவர் கட்டிலருகே வந்து நின்றார். விதியை நன்கு அறிந்திருந்த வில்லியம், அங்கியை ஏற்பதற்கு முன் இசபெலை அருகே அழைத்து, இப்போதே எனக்கு முத்தம் கொடு, இனி ஒருபோதும் உன்னால் முடியாது என்றார். அவர் குனிந்து முத்தமிட்டார், இருவரும் அழுதார்கள்.